இடுக்கி ஒருவர் கையில்தான் இருக்கும்

முதல் தடவை ஒரு ஆஸ்திரேலியர் வீட்டு பார்பிக்யூவுக்குப் போனபோது மூன்று கிலோ கோழியை மசாலா தடவி எடுத்துக்கொண்டு போனேன். 2012 ஜனவரி. சிட்னிக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. கூப்பிட்டவர் அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர். அழைப்பில் "பி.ஒய்.ஓ. மீட்" என்று போட்டிருந்தார். அதாவது, உங்கள் கறியை நீங்களே கொண்டு வாருங்கள். விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு கறியையும் கையோடு கொண்டுவரச் சொல்கிறவர்களை நான் அதுவரை கண்டதில்லை. வீட்டில் சொன்னதும் மனைவி, "அப்ப எல்லாருக்கும் சேர்த்துத்தான் கொண்டு போகணும். நாம மட்டும் தின்னா நல்லாவாங்க இருக்கும்?" என்றாள். தயிர், மிளகாய்த்தூள், இஞ்சி பூண்டு விழுது எல்லாம் போட்டு இரவே ஊறவைத்துவிட்டோம்.

போய்ப் பார்த்தால் மொத்தமே பதினாறு பேர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சின்னப் பொட்டலம். நாலு சாசேஜ், இல்லையென்றால் இரண்டு ஸ்டேக், ஒருத்தரிடம் ஆட்டுச் சாப்ஸ். என் கையில் மட்டும் கல்யாண வீட்டுச் சட்டி.

சட்டியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதில் இருந்ததை அப்படியே அடுப்பில் கொட்டினேன். இங்கே வீட்டு பார்பிக்யூ அடுப்புகளில் பெரும்பாலும் ஒரு பாதி தட்டையான இரும்புத் தகடு, மறு பாதி கம்பி. தகட்டுப் பக்கத்தை வீட்டுக்காரர் எனக்கு ஒதுக்கிக் கொடுத்தார். தயிர்த் தண்ணீர் பிரிந்து ஓடி ஒரு நிமிடம் கொதித்தது. அது வற்றியதும் மசாலா தகட்டில் ஒட்டிக் கருகத் தொடங்கியது. காய்ந்த மிளகாயைச் சட்டியில் விட்டு மறந்துபோனால் வீடே இருமுமே, அந்த நெடி. பதினாறு பேரும் தோட்டத்தின் மறு மூலைக்குப் போய்விட்டார்கள். நாய் வீட்டுக்குள் ஓடிவிட்டது. மேலே கரி, உள்ளே எலும்பை ஒட்டி இளஞ்சிவப்பு.

வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. துண்டுகளை ஒரு அலுமினியத் தட்டுக்கு மாற்றினார், தட்டுக்கு நேர் கீழே இருந்த பர்னரை அணைத்தார், ஓரத்து பர்னரை மட்டும் எரியவிட்டு மூடியைப் போட்டார். நாற்பது நிமிடம் கழித்து அருமையாக வெந்திருந்தது. ஆனால் அதற்குள் எல்லோரும் தத்தம் ஸ்டேக்கைத் தின்று முடித்திருந்தார்கள்.

அந்த ஒரு நாள் கற்றுக்கொடுத்ததையே இன்றைக்கும் கடைப்பிடிக்கிறேன். தயிர் மசாலா ஊறட்டும், ஆனால் அடுப்பில் போடும் முன் விரலால் நன்றாக வழித்துவிட வேண்டும். ருசி கறிக்குள் இறங்கியிருக்கும், வெளியே தங்கியிருப்பது கருகத்தான் செய்யும். தேனோ சர்க்கரையோ கலந்தது என்றால் கடைசி ஐந்து நிமிடத்தில் தடவினால் போதும். திறந்த அடுப்புக்கு எலும்பில்லாத தொடைக்கறிதான் சரி. கால் துண்டு வேண்டும் என்றால் தீயை ஓரமாக வைத்து, மூடி போட்டு, பொறுமையாக. அப்புறம் ஒரு குத்து வெப்பமானி. பத்துப் பதினைந்து டாலருக்குக் கிடைக்கிறது. கோழியின் நடுவில் 75 டிகிரி காட்டினால் எடுத்துவிடலாம். சாசேஜ், கொத்துக்கறி உருண்டை ஆகியவற்றுக்கும் அதே 75. முழுத் துண்டு ஸ்டேக்குக்கு அவ்வளவு வேண்டியதில்லை. அதை 75க்குக் கொண்டுபோனால் செருப்புத் தோல்தான்.

அன்று இன்னொரு தப்பும் செய்தேன். வீட்டுக்காரர் பியர் எடுக்க உள்ளே போன நேரத்தில், பாவம் கருகிவிடுமே என்று இடுக்கியை எடுத்து யாருடைய ஸ்டேக்கையோ திருப்பிப் போட்டேன். பேச்சு சட்டென்று நின்றது. யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் நான்கைந்து ஆண்கள் இடுக்கியையே பார்த்தார்கள். பிறகுதான் புரிந்தது. இடுக்கி ஒருவர் கையில்தான் இருக்கும். மற்றவர்கள் கையில் பாட்டிலோடு அடுப்பைச் சுற்றி அரைவட்டமாக நின்று கிரிக்கெட், வீட்டு விலை, மழை என்று பேசலாம், "திருப்பற நேரம் வந்தாச்சு போலிருக்கே" என்று கிண்டலும் பண்ணலாம். கையை மட்டும் நீட்டக் கூடாது. அவராக நீட்டி "கொஞ்சம் பார்த்துக்கோ மேட்" என்றால் அது பெரிய மரியாதை. எனக்கு அது கிடைக்க இரண்டு வருடம் ஆனது.

அழைப்பு வார்த்தைகளையும் சொல்லிவிடுகிறேன், புதிதாக வருகிறவர்களுக்கு உதவும். "பிரிங் எ பிளேட்" என்றால் காலித் தட்டைக் கொண்டு போகாதீர்கள், ஏதாவது பதார்த்தம் செய்து தட்டோடு கொண்டு போங்கள். இதில் ஏமாந்தவர்கள் கதை இங்கே வீட்டுக்கு ஒன்று உண்டு. "பி.ஒய்.ஓ." மட்டும் இருந்தால் பெரும்பாலும் குடிக்கக் கொண்டுவருவது. கொண்டுபோன பியரில் மிச்சம் இருந்தால் வீட்டுக்காரரிடமே விட்டுவிட்டு வருவதுதான் அழகு. சாலட் கிண்ணத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு வரலாம். மூன்று மணி என்றால் மூன்று மணி. நம் ஊர்க் கல்யாண வரவேற்புக் கணக்கு இங்கே வேகாது, ஆறு மணிக்குப் போனால் தட்டு கழுவத்தான் ஆள் இருக்கும். கழுவுகிற இடத்தில் ஒரு துண்டை எடுத்துத் துடைக்க நின்றால் அடுத்த அழைப்பு நிச்சயம்.

இறால் பற்றியும் ஒரு வார்த்தை. 1984இல் அமெரிக்கப் பயணிகளை இழுக்க எடுத்த சுற்றுலா விளம்பரத்தில் பால் ஹோகன், உங்களுக்காக பார்பியில், அதாவது பார்பிக்யூவில், இன்னொரு "ஷ்ரிம்ப்" போடுகிறேன் என்று சொன்னதை வைத்து உலகமே அதுதான் ஆஸ்திரேலியச் சாப்பாடு என்று நம்பிவிட்டது. இங்கே யாரும் ஷ்ரிம்ப் என்று சொல்வதில்லை, பிரான் என்பார்கள். அதையும் பாதி நேரம் அவித்துக் குளிரவைத்துத்தான் கிறிஸ்துமஸ் மேஜையில் வைப்பார்கள். அடுப்பில் அநேகமாக எப்போதும் இருப்பது சாசேஜ். அதற்குச் செல்லப்பெயர் ஸ்நாக். சுடுவது எளிது, எளிதில் கெடுவதும் அதுதான். முள்கரண்டியால் குத்தாதீர்கள், சாறெல்லாம் ஓடிவிடும். சிறு தீயில் பதினைந்து நிமிடம் உருட்டிக்கொண்டே இருந்தால் போதும். பெருந்தீயில் போட்டால் தோல் வெடித்து, வெளியே கறுப்பு, உள்ளே பச்சை.

வீட்டு அடுப்பு வாங்குவதற்கு முன்பே பூங்கா அடுப்புகள்தான் எங்களுக்குப் பள்ளிக்கூடம். இந்த நாட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் எது என்று கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன். ஏரிக்கரை, கடற்கரை, சின்னப் பூங்கா என்று எங்கு போனாலும் நகராட்சி வைத்த மின்சார அடுப்பு. செங்கல் மேடை, மேலே எவர்சில்வர் தகடு, பக்கத்தில் ஒரு பொத்தான். அமுக்கினால் சூடாகும். காசு கிடையாது. குறிப்பிட்ட நேரம் கழித்துத் தானாக அணைந்துவிடும், மறுபடி அமுக்க வேண்டும். இது தெரியாமல் ஒரு தடவை ஆறிப்போன தகட்டின் மேல் அரை மணி நேரம் கோழியை வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். தகட்டின் நடுவில் ஒரு ஓட்டை இருக்கும், கொழுப்பு வடிவதற்கு. அதில் வெங்காயத்தைத் தள்ளி அடைத்துவிட்டால் அடுத்து வருகிறவர் உங்களைச் சபிப்பார்.

முன்னால் சமைத்தவர் எவ்வளவு துடைத்திருந்தாலும் நாமும் ஒரு தடவை சுத்தம் செய்வது நல்லது. தகட்டைச் சூடாக்கி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, நீராவி எழும்போதே சுரண்டி விட்டால் பிசுக்கெல்லாம் கையோடு வந்துவிடும். பிறகு பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, வெட்டிய பக்கத்தால் தகடு முழுக்கத் தேய்ப்பார்கள். நம் வீட்டில் தோசைக்கல்லுக்குச் செய்வோமே, அதே வேலை. முதன்முதலாக ஒரு வெள்ளைக்காரப் பாட்டி இதைச் செய்வதைப் பார்த்தபோது சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

அந்த மயக்கத்தில்தான் தோசை வார்க்கத் துணிந்தேன். பாராமட்டா ஏரிக்கரை, இருபது பேர், ஒரு வாளி மாவு. இவ்வளவு பெரிய தகட்டில் ஒரே நேரத்தில் ஆறு தோசை என்று மனக்கணக்கு. ஒன்றுகூட எழும்பவில்லை. எவர்சில்வர் தகடு பழகிய கல் இல்லை, எண்ணெயும் அதில் நிற்பதில்லை, சூடும் இடத்துக்கு இடம் மாறுகிறது. சுரண்டி எடுத்ததை உப்புமா என்று பெயர் வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். மறுமுறை வீட்டிலிருந்து இரும்புக் கல்லைக் கொண்டுபோய்த் தகட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். கல் சூடேறுவதற்குள் பசியில் எல்லோரும் ரொட்டியைத் தின்றுவிட்டார்கள்.

அந்தத் தகட்டுக்கு ஏற்ற நம் சாப்பாட்டைக் கண்டுபிடித்தவர் யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர். வெட்டிய ரொட்டி, முட்டை, கோவா (முட்டைக்கோஸ்), முதல் நாள் கோழிக்கறி எல்லாவற்றையும் தகட்டில் கொட்டி, மாவு வெட்டும் இரண்டு தகடுகளை இரண்டு கையிலும் பிடித்துக் கொத்து ரொட்டி கொத்தத் தொடங்கினார். டக்கு டக்கு டக்கு என்று ஏரி முழுக்கச் சத்தம். பக்கத்து அடுப்பில் இருந்த லெபனான் குடும்பம், அதற்கு அடுத்திருந்த சீனப் பிள்ளைகள், ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி என்று எல்லோரும் வந்து நின்றுவிட்டார்கள். "அண்ணை, இந்தத் தட்டு கொத்துக்கெண்டே செய்த மாதிரிக் கிடக்கு" என்றார் அவர், வியர்வையைத் துடைத்துக்கொண்டே. லெபனான் குடும்பம் பதிலுக்குப் பூண்டுப் பசையும் கோழியும் கொடுத்தது.

பொது அடுப்பு என்பதால் ஒரு சங்கடம் உண்டு. மாட்டுக்கறி, பன்றிக்கறி எல்லாம் வெந்த தகட்டில் சைவக்காரர்கள் எப்படிச் சமைப்பது? நாங்கள் கையாளும் வழி, கேக் செய்யும்போது அடியில் போடும் பேக்கிங் தாளை விரித்து அதன் மேல் வைப்பது. காளான், பனீர், சோளம், ஹலூமி சீஸ் எல்லாம் தாளின் மேலேயே பொன்னிறமாக வருகிறது. தாள் தகட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருக்காமல் வெட்டிக்கொள்ள வேண்டும். இடுக்கி, கரண்டி தனித்தனியாக. இதைக் கேட்டு வாங்க வெட்கப்பட வேண்டியதில்லை. நாம் முதலில் சமைத்துக்கொள்கிறோம் என்றால் யாரும் மறுத்ததில்லை.

வெயில் நாளில் குளிர்பெட்டி, அதாவது எஸ்கி, இரண்டாக இருக்கட்டும். ஒன்று பச்சைக் கறிக்கு, ஒன்று குடிக்கிறதற்கு. குடிக்கிற பெட்டியைப் பிள்ளைகள் நிமிடத்துக்கு ஒரு தடவை திறப்பார்கள், அதில் கறி வைத்தால் குளிர் நிற்காது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையே சாப்பாடு கிடக்கிற நேரத்தைக் குறைக்க வேண்டும் என்பது இங்கே எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிற பாடம். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்ததை மறுபடி குளிரில் வைக்காதே, நாலு மணி நேரம் தாண்டினால் தூக்கிப் போடு. நம் புளியோதரை ஓரளவு தாங்கும். மயோனைஸ் போட்ட உருளைக்கிழங்கு சாலட் தாங்காது.

2016 ஜூலை 2, கூட்டாட்சித் தேர்தல். மகன் படிக்கும் பள்ளியில் வாக்குச்சாவடி. பெற்றோர் சங்கத்தில் சாசேஜ் கடைக்கு ஆள் கேட்டார்கள், பேர் கொடுத்தேன். 1924இலிருந்து இங்கே கூட்டாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடுவது கட்டாயம். தேர்தலும் சனிக்கிழமையில்தான் வரும். ஊரே பள்ளிக்கூடத்துக்கு வந்தாக வேண்டும், வந்தவர்களுக்குப் பசிக்கும், பள்ளிக்கு நிதி சேரும். அந்த வருடம் ஆஸ்திரேலிய தேசிய அகராதி மையம் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது எதை என்று நினைக்கிறீர்கள்? "டெமாக்ரசி சாசேஜ்". ஜனநாயகத்தையும் சாசேஜையும் ஒரே வாயில் கடிக்கிற ஊர்.

எனக்குக் கிடைத்தது வெங்காய வேலை. விடியற்காலை ஐந்தரை, ஜூலைக் குளிர், பன்னிரண்டு கிலோ வெங்காயம். இரண்டாவது கிலோவில் கண் திறக்க முடியவில்லை. மகனுடைய நீச்சல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மீதியை வெட்டினேன். அந்தக் கோலத்தில்தான் தொகுதி வேட்பாளர் ஒருவர் வந்து கைகுலுக்கினார். வெங்காயத்தை மொத்தமாகத் தகட்டில் கொட்டி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, தட்டால் மூடி வைத்தால் சீக்கிரம் சுருங்கிவிடும். பிறகு எண்ணெய் விட்டு நிறம் வரும்வரை புரட்டலாம். பச்சை சாசேஜ் எடுக்கும் இடுக்கிக்குச் சிவப்பு டேப் சுற்றிவிட்டோம், வெந்ததற்கு வேறு இடுக்கி. காசு வாங்குகிறவர் சாப்பாட்டைத் தொடக் கூடாது. ஒரு துண்டு வெள்ளை ரொட்டி, குறுக்கே ஒரு சாசேஜ், வெங்காயம், தக்காளி சாஸ், ஒரு காகிதக் கைத்துண்டு, அவ்வளவுதான். நான் வீட்டிலிருந்து ஒரு பாட்டில் மிளகாய் சாஸ் கொண்டுபோய் ஓரமாக வைத்தேன். பத்தரை மணிக்குக் காலி.

இதே கடையை வாரக் கடைசிகளில் பன்னிங்ஸ் என்ற பெரிய வன்பொருள் கடையின் வாசலிலும் பார்க்கலாம். ஒவ்வொரு வாரமும் ஒரு சங்கமோ விளையாட்டுக் குழுவோ நடத்தும், வரும் பணம் அவர்களுக்கே. பல வருடமாக இரண்டரை டாலராக இருந்த விலை 2022இல் மூன்றரை ஆனபோது அது செய்தியானது. அதைவிடப் பெரிய செய்தி 2018 நவம்பரில் வந்தது. வெங்காயம் மேலே இருந்தால் தரையில் விழுந்து யாராவது வழுக்கி விழுவார்கள், எனவே முதலில் வெங்காயம், அதன் மேல் சாசேஜ் என்று கடை சொல்லிவிட்டது. நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. நான் அமைதியாக இருந்தேன். தேர்தலன்று மதியம் எங்கள் கடைக்கு முன்னால் கான்கிரீட் தரை எப்படி இருந்தது என்று பெருக்கினவனுக்குத்தான் தெரியும்.

சொந்த அடுப்பு வாங்கியது 2014இல். அடுப்பைப் பூட்டி முடிக்க மூன்று மணி நேரம், கேஸ் பாட்டிலை மாட்ட இன்னொரு மணி நேரம். எவ்வளவு முறுக்கினாலும் இறுகவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருக்கிறார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அது எதிர்ப் பக்கம் மேட்" என்றார். பழைய வகை பாட்டில்களில் மரை தலைகீழ், கடிகார முள்ளுக்கு எதிராகத் திருகினால்தான் இறுகும். அண்மையில் வந்திருக்கும் புது வகையில் வழக்கம்போல வலப்பக்கம். அடுப்பில் எது இருக்கிறது என்று பார்த்து அதற்கேற்ற பாட்டிலை வாங்குங்கள். மாட்டியதும் இணைப்பில் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் கசிகிறது என்று அர்த்தம். பாட்டில் கழுத்தில் சோதனைத் தேதி குத்தியிருக்கும், பத்து வருடம் தாண்டியதை நிரப்ப மாட்டார்கள். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று தெரிய, பக்கவாட்டில் ஒரு குவளை வெந்நீரை ஊற்றிவிட்டுக் கையால் தடவுங்கள். எந்த உயரத்தில் சில்லென்று மாறுகிறதோ அதுவரை கேஸ் இருக்கிறது. இதை நான் கற்றது, இருபது பேர் தட்டோடு நிற்கும்போது அடுப்பு அணைந்த அன்று. இப்போது எப்போதும் இரண்டு பாட்டில்.

அதே பெரியவர்தான் இன்னொரு நாள் என்னை அபராதத்திலிருந்து காப்பாற்றினார். கரி அடுப்பு வாங்கிய புதிது. நாற்பது டிகிரி வெயிலில், காற்று வேறு. கரியை அடுக்கித் தீக்குச்சியை எடுத்துவிட்டேன். வேலிக்கு மேல் தலை தெரிந்தது: "இன்னைக்கு டோட்டல் ஃபயர் பேன். கேக்கலையா?" முழுத் தீத்தடை நாளில் விறகும் கரியும் கூடவே கூடாது. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் அன்று வீட்டில் கேஸ் அடுப்பு மூட்டலாம், ஆனால் வீட்டிலிருந்து 20 மீட்டருக்குள் இருக்க வேண்டும், சுற்றி 2 மீட்டருக்கு எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது, வயதுவந்த ஒருவர் கூடவே நிற்க வேண்டும், தண்ணீர்க் குழாய் கைக்கெட்ட வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், எனவே வெளியூர் போனால் அங்கே என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2019 கடைசியில் காட்டுத்தீயால் வானம் வாரக்கணக்கில் ஆரஞ்சு நிறத்தில் இருந்து, துணி காயப்போட்டால் சாம்பல் படிந்ததைப் பார்த்த பிறகு இந்த விதிகளைப் பற்றி யாரும் முணுமுணுப்பதில்லை.

அந்தத் தீக்குச் சற்று முன்னால், அக்டோபர் ஆரம்பத்தில், அம்மா வந்திருந்தார். அக்டோபர் நீள் விடுமுறை, ஞாயிறு மாலை ரக்பி லீக் இறுதிப் போட்டி. தெருவெல்லாம் புகை வாசனை. வீட்டிலோ புரட்டாசி. வருடா வருடம் இந்த இரண்டும் ஒன்றாகத்தான் வந்து மாட்டும். "அந்தக் கம்பியில என்னெல்லாம் சுட்டீங்களோ, நான் தொட மாட்டேன்" என்றார் அம்மா. நான் பெரியவரிடம் விஷயத்தைச் சொன்னேன். ஒரு நொடி யோசித்துவிட்டு, தன் அடுப்பைத் தள்ளிக்கொண்டு வந்து வேலியை ஒட்டி நிறுத்தினார். அந்தப் பக்கம் அசைவம், இந்தப் பக்கம் சைவம். கடைக்குப் போய் என் அடுப்புக்குப் புதுக் கம்பி ஒன்று வாங்கி வந்தேன். அதை இன்றும் துணியில் சுற்றித் தனியாக வைத்திருக்கிறோம்.

அம்மா பெரிய கத்திரிக்காய் நாலை எடுத்து, கத்தியால் இரண்டிரண்டு கீறல் போட்டு, நல்லெண்ணெய் தடவி நேராகத் தீயின் மேல் வைத்தார். கீறல் இல்லாவிட்டால் வெடிக்கும். இருபத்தைந்து நிமிடம், காம்பைப் பிடித்துத் திருப்பித் திருப்பி, தோல் முழுக்கக் கரியாகி, உடம்பு துவண்டு விழும்வரை. ஒரு பாத்திரத்தில் போட்டு மூடி ஆறவைத்து, தோலை உரித்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், புளி, உப்பு போட்டுக் கையாலேயே பிசைந்தார். பெரியவர் தன் பங்கு ரொட்டியில் அதை வழித்துத் தின்றுவிட்டு, இன்னொரு துண்டு ரொட்டியை வேலிக்கு மேலே நீட்டினார். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். இடுக்கி அன்று முழுவதும் அம்மா கையில்தான் இருந்தது, நான் தள்ளித்தான் நின்றேன்.

பெரியவர் மூன்றாவது துண்டில் இருக்கும்போது, கம்பத்தில் உட்கார்ந்திருந்த குக்கபரா, நம் மீன்கொத்தியின் தடித்த அண்ணன், சர்ரென்று இறங்கி அவர் தட்டிலிருந்த சாசேஜைக் கவ்விக்கொண்டு போனது. கிளையில் உட்கார்ந்து, பாம்பை அடிக்கிற மாதிரி மரத்தில் பட்டுப் பட்டென்று அடித்தது. இது இங்கே சகஜம், தட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும். பெரியவர் சிரித்தார். அம்மா இடுக்கியோடு மேலே பார்த்துவிட்டு, "அதுக்கென்ன, புரட்டாசியா ஐப்பசியா" என்றார்.